லேப்டாப்பில் படம், போனில் சத்தம்

குமாரபாளையத்தில் தறிச்சத்தம் கேட்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தீபாவளி, பொங்கல், நூல் விலை ஏறிப்போய்த் தறிகளை நிறுத்தும் நாள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள். மற்ற நாளெல்லாம் பகல் ஷிப்டு முடிந்தால் ராத்திரி ஷிப்டு. நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபட்டு ஓடும் சத்தம் சுவரைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, தூக்கத்துக்குள்ளும் வந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து லேப்டாப்பில் பாடம் கேட்க வேண்டும் என்றால்தான் சிக்கல் தெரியும்.

இந்த விமர்சனத்துக்கான சோதனை நடந்தது அப்படி ஒரு வீட்டில். முன்பக்கம் நான்கு தறி ஓடும் பட்டறை. பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சமையலறை. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை இறக்கி வைத்துப் பார்ப்பவர். கையில் இருப்பது, அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. திரைக்கு ஒரு குறையும் இல்லை, கீபோர்டில் சில எழுத்துகள் அழிந்திருக்கின்றன, அவ்வளவுதான். கைவிட்டது ஒலி மட்டுமே. ஸ்பீக்கர் சத்தம் தறிக்கு முன்னால் எடுபடவில்லை. இயர்போன் சொருகும் ஓட்டை தளர்ந்துபோய், ஒயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் இரண்டு காதிலும் கேட்கிறது.

"ஒரு கையில ஒயரப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில நோட்ஸ் எழுத முடியுங்களா?" என்று அவர் கேட்டார்.

அவருடைய போனில் இயர்போன் நன்றாக வேலை செய்கிறது. படம் லேப்டாப்பில் ஓடட்டும், சத்தம் மட்டும் போனுக்கு வந்தால் போதும். அதைச் செய்து தரும் செயலிகள் சில வருஷங்களாகவே இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை தறிவீட்டில் தாக்குப்பிடிக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. வாங்கிக் கொடுக்கும் வேலை எல்காட் நிறுவனத்துக்கு. விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம் என்று இரண்டு இயங்குதளங்களோடு அவை வந்தன. அன்று வந்த விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டது. அத்தோடு பல வீடுகளில் அந்த லேப்டாப் பரணுக்குப் போய்விட்டது. இந்த வீட்டில் அண்ணனின் நண்பர் ஒருவர் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தார். 2 ஜிபி ராமில் பத்து ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஒரு பாடம், ஒரு பிடிஎஃப், அதற்குப் போதும். அந்தப் பழைய லேப்டாப்போடு, சித்தப்பா மகனின் விண்டோஸ் 11 லேப்டாப்பும் சோதனையில் சேர்ந்துகொண்டது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புளூடூத்தான். இரண்டிலும் புளூடூத் இருக்கிறதே, ஜோடி சேர்த்தால் வேலை முடிந்ததே என்று நினைக்கத் தோன்றும். ஜோடி சேரும், பாட்டு வராது. புளூடூத்தில் ஒலியை அனுப்புவது ஒரு வேடம், வாங்கி ஒலிப்பது இன்னொரு வேடம். சாதாரண ஆண்ட்ராய்டு போனோ ஐபோனோ அனுப்புகிற வேடத்தை மட்டுமே போடும். ஹெட்செட்டும் கார் ஸ்டீரியோவும் வாங்குகிற வேடம். லேப்டாப்புக்கு முன்னால் போன் ஹெட்செட்டாக நடிக்க அதன் மென்பொருள் வழிவிடுவதில்லை. எதிர்த்திசை நடக்கும்: 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து போனில் ஓடும் பாட்டை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கலாம். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஆகவே புளூடூத்தை விட்டுவிட்டு நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

அந்த வழி இப்படி. லேப்டாப்பில் ஒரு சிறு சர்வர் மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கருக்குப் போகிற ஒலியை அப்படியே ஒரு நகல் எடுக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இதற்கான வசதி உள்ளுக்குள் இருக்கிறது. லினக்ஸில் 'மானிட்டர்' என்ற பெயரில் இருக்கும். எடுத்த நகலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும். போனில் உள்ள செயலி துண்டுகளைச் சேர்த்து இயர்போனில் ஒலிக்கும். யூடியூப், வி.எல்.சி., ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப்பில் எது சத்தம் போட்டாலும் போனில் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு தேவையில்லை.

துண்டுகள் இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, சுருக்காமல் அப்படியே. சி.டி. தரத்தில் ஒரு வினாடி ஸ்டீரியோ ஒலி 1,76,400 பைட், ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. இன்னொன்று, ஓபஸ் என்ற முறையில் சுருக்கி. இணையத் தர அமைப்பான ஐ.இ.டி.எஃப். 2012-இல் வெளியிட்ட இலவச முறை அது. பேச்சுக்கும் பாட்டுக்கும் ஒன்றுபோல் ஒத்துவரும். 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்.பி. மட்டுமே ஆகும். 635 எம்.பி. என்றதும் டேட்டா பேக் தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இது வீட்டு வைஃபைக்குள்ளேயே ஓடுவது, இணையத்துக்குள் கால் வைப்பதில்லை. ரூட்டரில் இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

இறக்கிப் பார்த்தது மூன்று செயலிகளை.

சவுண்ட்வயர் இந்த வேலைக்குப் பழைய ஆள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் சர்வர் உண்டு, ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கணினியிலும் ஓடும். அரசு லேப்டாப்புக்கு இதுதான் ஒத்துவந்தது. ஆனால் லினக்ஸில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சர்வரைத் திறந்து, போனை இணைத்து, பாடத்தை ஓடவிட்டால் இயர்போனில் பேராசிரியர் வரவில்லை, தறிச்சத்தம் வந்தது. லேப்டாப்பின் மைக்கில் விழுவதை சர்வர் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது! பவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்து, 'ரெக்கார்டிங்' பகுதியில் சவுண்ட்வயருக்கு எதிரே மைக்கை மாற்றி 'மானிட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பேராசிரியரின் குரல் தெளிவாக வந்தது. இந்த ஒரு இடத்தில்தான் பலர் 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், ஒலியைச் சுருக்கும் வசதி காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். முகப்பின் தோற்றமும் பழசு. அதனால் ஒரு குறையும் இல்லை.

ஆடியோரிலே விண்டோஸ் 11 லேப்டாப்பில் சோதிக்கப்பட்டது. நிறுவி, போனில் திறந்ததும் லேப்டாப்பின் பெயர் தானாகவே பட்டியலில் வந்து நின்றது. தொட்டால் சத்தம் வருகிறது. ஐ.பி. எண் எதையும் அடிக்க வேண்டியதில்லை. ஓபஸ் சுருக்கம் உண்டு. கேபிள் வழியாகவும் இணைக்கலாம். போனை லேப்டாப்புக்கு மைக்காக மாற்றும் வசதியும் இருக்கிறது. சில வசதிகள் காசு கட்டினால்தான் திறக்கும் என்றாலும், கேட்பதற்கு மட்டும் இலவசப் பதிப்பு போதுமானது. கணினி பழக்கம் அதிகம் இல்லாத வீட்டுக்கு முதலில் கைகாட்ட வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது ஆடியோ ஷேர். திறந்த மூலம், விளம்பரமே கிடையாது, எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்கலாம். லேப்டாப்பின் ஐ.பி. எண்ணைப் போனில் நாமே எழுத வேண்டும். ஒலியைச் சுருக்காமல் அனுப்புவதால் தரம் அப்படியே இருக்கும், வைஃபை மட்டும் திடமாக இருக்க வேண்டும். புதிய விண்டோஸுக்கும் புதிய லினக்ஸுக்கும்தான் பொருந்தும் என்பதால் பழைய லேப்டாப்பில் இதை முயற்சி செய்யவில்லை.

வி.எல்.சி.யிலும் நெட்வொர்க்கில் ஒலிபரப்பும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சில வினாடிகள் தாமதமாக வரும். பட்டிமன்றம் கேட்கலாம், படம் பார்க்க முடியாது.

தாமதம். இந்தச் செயலிகளின் உண்மையான பரீட்சை அதில்தான் இருக்கிறது.

குமாரபாளையம் காவிரிக் கரையில் நின்று அக்கரை பவானிப் பக்கம் துணி துவைப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துணி கல்லில் விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், 'தொப்' என்ற சத்தம் அவர் அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போது வந்து சேரும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு வினாடி தாமதம். அந்த அளவு தாமதத்தைக் கண்ணும் காதும் பொறுத்துக்கொள்ளும். தொலைத்தொடர்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.டி.யு. இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. படத்துக்குப் பின்னால் ஒலி 125 மில்லிசெகண்ட் பிந்தினால் மனிதர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள், 185-ஐத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள். ஒலி முந்தினால் நிலைமை இன்னும் மோசம், 45 மில்லிசெகண்டிலேயே தெரிந்துவிடும். இடியை மின்னலுக்குப் பிறகு கேட்டே பழகியவர்கள் நாம். முன்னால் கேட்டால் மனசு ஒப்புவதில்லை.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட படம் 'மந்திரி குமாரி'. 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, மு. கருணாநிதியின் வசனம். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. இன்று அங்கே நிற்பது நுழைவாயில் வளைவு. படத்தில் ஒலியும் ஒளியும் சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கிளாப் பலகையை அடிப்பார்கள். பலகை மூடும் படமும் அந்த 'டக்' சத்தமும் எடிட்டிங் மேஜையில் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும். அத்தனை கவனமாகச் சேர்த்ததை வீட்டு வைஃபை பிரித்துவிடுகிறதா என்று பார்ப்பதற்கு, நீள வசனமும் நெருக்கமான முகமும் உள்ள பழைய படத்தைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

முதல் ஓட்டத்தில் பிரித்துவிட்டது. சவுண்ட்வயரை நிறுவியபடியே விட்டு ஓட்டியபோது, உதடு மூடிய பிறகு கடைசிச் சொல் காதில் விழுந்தது. காரணம் பஃபர். வைஃபையில் துண்டுகள் சீராக வருவதில்லை. நான்கு சேர்ந்து வரும், பிறகு ஒரு இடைவெளி விழும். இடைவெளியில் ஒலி அறுந்துபோகாமல் இருக்கப் போன் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பட்டறையில் தார், அதாவது ஊடைநூல் சுற்றிய குச்சி, தீர்ந்து தறி நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கூடையில் தார் சுற்றி வைப்பது போலத்தான். கூடை பெரிதாக இருந்தால் தறி நிற்காது, ஆனால் இப்போது சுற்றிய தார் தறிக்குப் போக நேரமாகும். கணக்குப் போட்டால் தெளிவாகத் தெரியும்: சி.டி. தரத்தில் 128 கிலோபைட் பஃபர் என்றால் முக்கால் வினாடித் தாமதம். 32 கிலோபைட் ஆக்கினால் ஐந்தில் ஒரு வினாடிக்கும் கொஞ்சம் குறைவு.

பஃபரைக் குறைத்துக்கொண்டே போனால் உதடும் சொல்லும் நெருங்கி வந்தன. கூடவே ஒலியில் 'கிர்' என்ற விரிசலும் வரத் தொடங்கியது. ரூட்டர் இருக்கும் முன்னறையில் விரிசல் இல்லை. சமையலறைக்குப் போனால் உண்டு. ஆடியோரிலே இந்த விஷயத்தில் சமர்த்தாக நடந்துகொண்டது: முன்னறையில் வசனம் உதட்டோடு ஒட்டியே வந்தது, பின்னறையில் கூட எப்போதாவதுதான் பிசிறு. ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடினால் அக்கம்பக்கத்து வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்ளும். போனும் ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் அந்த அலைவரிசை சுவரைத் தாண்டத் திணறும்.

புளூடூத் இயர்பட்ஸ் போட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பிலிருந்து போனுக்கு ஒரு தாமதம், போனிலிருந்து காதுக்கு இன்னொரு தாமதம். இரண்டும் சேர்ந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒயர் வைத்த இயர்போன்தான் இதற்குச் சரி. வேறு வழியில்லை என்றால் வி.எல்.சி.யில் ஒரு தந்திரம் உண்டு. படம் ஓடும்போது கீபோர்டில் 'ஜே' எழுத்தை ஒரு முறை அழுத்தினால் ஒலி படத்தைவிட 50 மில்லிசெகண்ட் முந்தும். நாலைந்து தட்டு தட்டினால் உதட்டோடு பொருந்திவிடும். அதிகமாகிவிட்டால் 'கே' எழுத்து திரும்பக் கொண்டுவரும். இறக்கி வைத்த வீடியோக்களுக்கு இது முழுத் தீர்வு. யூடியூபுக்கும் நேரலை வகுப்புக்கும் பயன்படாது.

ஸ்லைடு ஓடுகிற பாடத்துக்கு அரை வினாடி பிந்தினாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்று மாணவி சொன்னார். உண்மைதான். படத்துக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கேமுக்கு இந்தச் செயலிகள் எதுவும் லாயக்கில்லை. பார்வையற்றோர் கணினியில் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்களுக்கும் இதைப் பரிந்துரைக்க முடியாது. ஒவ்வொரு விசைக்கும் பதில் உடனே காதில் விழுந்தால்தான் அவர்கள் அடுத்த விசையை அடிக்க முடியும். வாக்கியத்துக்கு ஒரு முறை அல்ல, எழுத்துக்கு ஒரு முறை காத்திருக்க வைப்பது கொடுமை.

வைஃபையின் பிசிறு வேண்டாம் என்றால் கேபிள் இருக்கிறது. போனைச் சார்ஜ் ஏற்றும் யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், அந்தக் கேபிளே ஒரு தனி நெட்வொர்க் ஆகிவிடும். செயலி அதன் வழியாக ஒலியை வாங்கிக்கொள்ளும். இரண்டு சாதனத்துக்கு மட்டுமான பாதை, குறுக்கே யாரும் வரமாட்டார்கள். 'மந்திரி குமாரி' வசனம் இந்த வழியில்தான் மிகச் சுத்தமாகக் கேட்டது. பஃபரை எவ்வளவு குறைத்தும் பிசிறவில்லை. பராமரிப்பு நாளில் மின்சாரம் போய் ரூட்டர் படுத்துவிட்டாலும் லேப்டாப் பேட்டரியில் உயிர் இருக்கும்வரை கேட்கலாம். கேபிளைப் பார்த்து எடுக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிள்கள் உண்டு, அவற்றில் டேட்டா போகாது. முதலில் எடுத்த கேபிள் அப்படிப்பட்டதுதான். அதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் போனது.

டெதரிங்கில் கவனம் தப்பினால் காசு போகும். போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுப்பதுதான் டெதரிங்கின் அசல் வேலை. லேப்டாப் அதைப் பார்த்ததும் அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கிவிடும், அன்றைய டேட்டா காலி. இறக்கி வைத்த பாடம் என்றால் போனில் மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிடுங்கள், ஒலி அப்போதும் வரும். நேரலை வகுப்பு என்றால் போனை வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டு டெதரிங்கைப் போடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் அந்த வைஃபை இணையத்தையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும்.

விடுதி மாணவர்கள் கவனிக்க. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதியோடு கூடிய கல்லூரிகள் ஏராளம். விடுதி வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு வைத்திருப்பது வழக்கம். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, குற்றமில்லை. ஆனால் இந்தச் செயலிகள் அங்கே லேப்டாப்பைக் கண்டுபிடிக்காது. போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்தாலோ, கேபிள் போட்டாலோ வேலை முடிந்தது. வீட்டிலேயே லேப்டாப் பட்டியலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். வைஃபையை 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கும், அதை 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அப்படி மாற்றுங்கள். இத்தகைய எளிய செயலிகள் கடவுச்சொல் கேட்பதில்லை என்பதால், பொது இடத்தில் உங்கள் லேப்டாப் பேசுவதை அடுத்த மேஜைக்காரரும் கேட்க வாய்ப்புண்டு. போன் திரை அணைந்த சில நிமிடத்தில் ஒலி நின்றுவிட்டால், அந்தச் செயலிக்குப் பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

காதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. நாடாத்தறி ஓடும் பட்டறைக்குள் அதைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சத்தத்தை அமுக்கிப் பாட்டு கேட்க வேண்டுமானால் இயர்போன் அதைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும். பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவோ வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். ஆகவே பட்டறைக்குள் இது வேண்டவே வேண்டாம். தறி ஓட்டுகிறவருக்கு வேண்டியது காதடைப்பான், இயர்போன் அல்ல. பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, காதுக்குள் நன்றாகப் பொருந்தும் ரப்பர் நுனி வைத்த இயர்போனில் கேட்டால் பாதிச் சத்தத்திலேயே பாடம் புரிகிறது. மாணவி இப்போது அப்படித்தான் கேட்கிறார். அம்மிச்சி பக்கத்தில் தார் சுற்றும் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். "கண்ணு, யாருகிட்டப் பேசிக்கிட்டிருக்கிற?" என்று நடுவில் ஒரு கேள்வி வரும். பாடத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து மனசில் ஏற்றுவது மாணவியின் பழக்கம்.

இனி தீர்ப்பு. லேப்டாப்பின் இயர்போன் ஓட்டை கெட்டதுதான் ஒரே பிரச்சினை, உட்கார்ந்த இடத்தில் கேட்டால் போதும் என்றால், செயலி எதுவும் வேண்டாம். செல்போன் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்டு கார்டு கிடைக்கும், சொருகினால் வேலை முடிந்தது, தாமதமும் இல்லை. அதைச் சொல்லாமல் செயலியை மட்டும் புகழ்வது நியாயமாகாது. கையில் காசு செலவழிக்காமல், அல்லது லேப்டாப்பை விட்டு எழுந்து நடமாடிக்கொண்டே கேட்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தச் செயலிகள். விண்டோஸ் 10, 11 என்றால் ஆடியோரிலே. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்றால் சவுண்ட்வயர், 'மானிட்டர்' மாற்றத்தை மறக்காமல். விளம்பரமே ஆகாது, ஐ.பி. எண் அடிக்கத் தெரியும் என்றால் ஆடியோ ஷேர். படம் பார்க்கக் கேபிள், பாடம் கேட்க வைஃபை.

வீட்டுப் பரணில் அரசு லேப்டாப் கிடக்கிறவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, தூசி தட்டி, சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரிலேயே ஓடும். திரை எரிந்தால் லினக்ஸ் மின்ட் இலவசம், சத்தம் வராவிட்டால் போன் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் படிக்கிற பிள்ளை யாராவது இருப்பார்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றால் அவர்களுக்குக் கொடுங்கள்.